பதினைந்து வயது என்ற கோடு

2003 பிப்ரவரி. காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கே, இடூரிப் பகுதியில் ஒரு பயிற்சி முகாம். ஆயுதக் குழுவின் தலைவர் தாமஸ் லுபாங்கா அங்கே வந்து பேசுகிறார். எதிரே நிற்பவர்களில் சிலர் சிறுபிள்ளைகள் என்பது பார்த்ததுமே தெரிகிறது. அந்தக் காட்சி வீடியோவில் பதிவானது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, நெதர்லாந்தின் ஹேக் நகரில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தன் முதல் தீர்ப்பை வழங்கியபோது அதுவும் ஒரு முக்கியச் சான்றாக நின்றது.

பிள்ளைகள் கையில் துப்பாக்கி கொடுப்பது கொடுமை என்று அறியச் சட்டப்புத்தகம் எதற்கு? ஆனால் அதற்காக ஒருவரைச் சிறையில் தள்ள வேண்டுமானால், அந்தச் செயல் நடப்பதற்கு முன்பே அது குற்றமென்று எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுத்தில் ஐயம் இருந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே. நீதிமன்றத்தின் அடிப்படைச் சட்டமான ரோம் சாசனம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது.

இந்த எழுத்து வேலைதான் அரை நூற்றாண்டை விழுங்கியது. இப்படியொரு நீதிமன்றம் வரக்கூடும் என்று 1948இன் இனப்படுகொலை ஒப்பந்தமே குறிப்பிட்டிருந்தது. ஆனால் குற்றங்களில் ஒன்றாகப் பேசப்பட்ட 'ஆக்கிரமிப்பு' என்றால் என்ன என்பதில் நாடுகள் உடன்படவில்லை. 1954இல் வரைவுகள் கிடப்பில் போடப்பட்டன. 1989இல் டிரினிடாட் டொபாகோ, போதைப்பொருள் கடத்தலை விசாரிக்க நீதிமன்றம் கேட்டு ஐ.நா.வில் பேச்சை மீண்டும் தொடங்கியது. 1998 ஜூலை 17 அன்று ரோமில் 120 நாடுகள் ஆதரவாக வாக்களித்தன, 7 எதிர்த்தன. வாக்களிக்காமல் ஒதுங்கிய 21 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 60 நாடுகள் ஏற்புறுதி தந்த பின், 2002 ஜூலை 1 அன்று சாசனம் நடைமுறைக்கு வந்தது. போதைப்பொருள் கடத்தல் அதில் இடம்பெறவில்லை.

சாசனம் குற்றத்தை ஒரே வாக்கியத்தில் சொல்கிறது: பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களைப் படையில் சேர்ப்பதும் போரில் ஈடுபடுத்துவதும் போர்க்குற்றம். 'குற்றக் கூறுகள்' என்ற துணை ஆவணம் அந்த வாக்கியத்தைப் பிரித்துவைக்கிறது. வயது குறைவு என்பது சேர்த்தவருக்குத் தெரிந்திருந்ததா, அல்லது தெரிந்திருக்க வேண்டுமா? ஆயுத மோதலோடு அதற்குத் தொடர்பு உண்டா? ஒவ்வொன்றையும் தனித்தனியே நிரூபிக்க வேண்டும்.

வயதை எப்படி நிரூபிப்பது? எலும்பு, பல் எக்ஸ்ரேக்கள் வந்தன. அவற்றால் வயதைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. சிறார் படைவீரர்களாக இருந்தவர்கள் என்று அழைத்துவரப்பட்டவர்களில் பெரும்பாலோரின் சாட்சியத்தையும் நீதிபதிகள் நம்பத் தயங்கி ஒதுக்கினார்கள். ஆனால் வீடியோவில் சில முகங்கள் ஐயத்துக்கு இடமின்றிச் சிறுபிள்ளைகளுடையவை. 2012இல் லுபாங்காவுக்குப் பதினான்கு ஆண்டு சிறை.

அந்தக் கோடு மட்டும் என்னை இன்னும் உறுத்துகிறது. குற்றம் நடந்தபோது பதினெட்டு வயது நிரம்பாதிருந்த எவரையும் இந்த நீதிமன்றம் விசாரிக்க முடியாது. அப்போது அவர் பிள்ளை. ஆனால் பதினாறு வயதுப் பிள்ளையைப் படையில் சேர்ப்பது, அதே சாசனத்தின்படி, குற்றப் பட்டியலில் இல்லை.