காற்றின் மேல் விழுந்த பழி

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று இறங்கினால் குமரி மாவட்டத்துத் தோவாளைப் பக்கம் வாழை ஒடிவது வழக்கம்தான். ஓணத்துக்கு விலை கிடைக்கும் என்று வளர்த்த ஏத்தன் என்ற நேந்திர வாழை, குலையோடு மடங்கிக் கிடந்தால் யாருக்கும் காற்றைத் திட்டத்தான் தோன்றும். ஒடிந்த இடத்தைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். உள்ளே விரல் நுழையும் அளவுக்குக் குடைந்து, கறுத்து, அழுகல் வாடை அடித்தால், காற்று கடைசியில் வந்த ஆள். வேலையைத் தொடங்கியது தண்டுக் கூன்வண்டு.

நெல்மணியைவிடச் சற்றே பெரிய கறுப்பு வண்டு. முன்னால் துதிக்கை போல ஒரு மூக்கு. வாழையின் உடம்பு என்பது ஒன்றையொன்று சுற்றிய இலைப்பட்டைகள்தானே? ஒரு பட்டையைக் குறுக்கே வெட்டினால் கட்டம் கட்டமாகக் காற்றறைகள் தெரியும். வண்டு வெளிப்பட்டையைத் துளைத்து, அந்த அறைக்குள் முட்டை வைக்கிறது. பொரித்த புழு தின்றுகொண்டே நடுத்தண்டு வரை போய்விடும். ஐந்து மாத வாழையில் குண்டூசித் தலை அளவு துளையும், அதில் வடியும் கோந்தும் தெரிந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. அப்புறம் குலையின் பாரத்துக்கு லேசான காற்றே போதும்.

மேலே மருந்து தெளித்தால் புழுவை எட்டாது. வண்டுக்கோ வெட்டிய வாழைத்தண்டின் வாடை என்றால் கொள்ளை ஆசை. குலை வெட்டிய வாழையை ஒன்றரை அடித் துண்டுகளாக்கி, நெடுக்கே பிளந்து, வெட்டுப்பக்கம் மண்ணைப் பார்க்க, நிற்கும் வாழைகளின் அடியில் வைத்தால் இரவில் வந்து கூடும். காலையில் புரட்டிப் பொறுக்கலாம்.

வெட்டுப்பக்கத்தில் பிவேரியா பேசியானா என்ற பூஞ்சையைத் தடவினால் பொறுக்கும் வேலையும் மிச்சம். அதன் வித்து வண்டின் மேல் ஒட்டி முளைத்து, நொதியால் மேலோட்டைக் கரைத்து உள்ளே பெருகும். சில நாளில் வண்டு செத்து, மேலே வெள்ளைப் பஞ்சு பூக்கும். 1835இல் இத்தாலியரான அகோஸ்தினோ பாஸி, பட்டுப்புழுக்களைக் கொல்லும் நோய்க்குக் காரணம் என்று காட்டியது இதே பூஞ்சையைத்தான். பெயரின் பின்பாதியான 'பேசியானா'வில் இருப்பவரும் அவர்தான். பட்டு வளர்ப்பவருக்கு எமன், வாழைக்காரருக்குச் சம்பளம் கேட்காத காவல்.

இந்தப் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும், வெயில் ஆகாது. கவிழ்த்து வைப்பதில் அந்த லாபமும் உண்டு. பக்கத்திலேயே பூஞ்சைக்கொல்லி அடித்தால் எல்லாம் வீண்.

ஏற்கெனவே தண்டுக்குள் போன புழுவை இந்தப் பொறி ஒன்றும் செய்யாது. துண்டுகள் அழுகும் முன் மாற்றவும் வேண்டும். கன்றுக்குச் சத்து இறங்கட்டும் என்று குலை வெட்டிய வாழையை அப்படியே நிறுத்துவோமே, வண்டு கண்ட தோட்டத்தில் அது வேண்டாம். அடுத்த தலைமுறை வண்டு அதற்குள்தான் வளரும்.