தசமம்: பத்தில் ஒன்றைச் சொல்லும் சொல்

3.472 போலப் புள்ளியிட்டு எழுதும் எண்ணைக் குறிக்கும் 'தசமம்' என்ற சொல், 'பத்தாவது' எனப் பொருள்படும் 'தசம' என்ற வடசொல்லிலிருந்து வந்தது. தசமித் திதியும், கிறித்தவர்கள் வருவாயில் பத்தில் ஒரு பங்காகக் கொடுக்கும் தசமபாகமும் இதன் உறவுச் சொற்களே. ஆங்கிலத்தின் 'டெசிமல்' இலத்தீன் வழி வந்திருப்பினும் அதே பொருளையே தாங்கி நிற்கிறது. தசமப் பின்னங்களை ஐரோப்பியருக்கு விளக்கிக் கணிதவியலாளர் சைமன் ஸ்டெவின் 1585இல் வெளியிட்ட டச்சு நூலின் பெயருக்கும் 'பத்தில் ஒன்று' என்பதே பொருள்.

பழந்தமிழ்க் கணக்கில் மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320. அவை நான்கு நான்காகக் குறைந்தனவேயன்றிப் பத்துப் பத்தாகக் குறையவில்லை. எனவே தசமத்துக்குப் பழைய பின்னப் பெயர்களுள் நேர்ச்சொல் கிடையாது. இன்று வழங்கும் தூய தமிழ் இணை 'பதின்மம்' ஆகும். பதின்மூன்று, பதின்மர் ஆகிய சொற்களில் 'பத்து' என்பது 'பதின்' என நிற்பதைக் காணலாம். இச்சொல் எனக்கு உவப்பானதே. ஆயினும் அது பத்தைச் சுட்டுகிறதே தவிர, பத்தில் ஒன்று என்ற நுட்பத்தைத் தசமத்தின் அளவுக்கு உணர்த்தவில்லை.

அந்த நுட்பமே பெருக்கலின் திறவுகோல். ஓர் எண்ணில் ஒவ்வோர் இடமும் தன் இடப்பக்கத்து இடத்தின் மதிப்பில் பத்தில் ஒன்று என்பதால், பத்தால் பெருக்கும்போது இலக்கங்கள் அனைத்தும் ஓரிடம் இடப்புறம் ஏறுகின்றன. 3.472 என்பதைப் பத்தின் அடுக்குகளால் (இலங்கைப் பாடநூல் வழக்கில் 'வலுக்களால்') பெருக்கி, விடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் இந்த அமைப்பு தானே புலப்படும்:

3.472 × 10 = 34.72
3.472 × 100 = 347.2
3.472 × 1000 = 3472

பெருக்கும் எண்ணில் எத்தனை சுழியோ அத்தனை இடங்கள். புள்ளி வலப்புறம் நகர்வதாகச் சொல்லிக்கொடுப்பது எளிய வழிதான். ஆனால் புள்ளி ஒன்றாம் இடத்தை அடுத்தே எப்போதும் நிற்கிறது, இடம் மாறுபவை இலக்கங்களே. முழு எண்ணில் பழகிய 'சுழியைச் சேர்' என்ற விதியை இங்கும் கையாளும் மாணவர் 2.5 × 10 என்பதற்கு 2.50 என எழுதிவிடுகிறார். அது பழைய 2.5 தான், பெருக்கல் நிகழவே இல்லை. சரியான விடை 25. அதையே நூறால் பெருக்கினால் ஒன்றாம் இடம் வெறுமையாகிறது; அதை நிரப்பவே சுழி வந்து 250 ஆகிறது.