சிங்கப்பூர் பயண அட்டை: எந்த அட்டை எது, எங்கே காசு வீணாகிறது

சிங்கப்பூரில் சாதாரணப் பேருந்துக்கும் எம்ஆர்டி ரயிலுக்கும் தூரத்தை வைத்துத்தான் கட்டணம். 2010 ஜூலை 3 முதல் இந்த முறை நடப்பில் இருக்கிறது. அதிலிருந்து, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எத்தனை வண்டி மாறிப் போனாலும், விதிக்குள் மாறினால் அது ஒரே பயணம். மொத்தத் தூரத்துக்கு ஒரே கட்டணம். ஆனால் விதியைத் தெரிந்துகொள்ளாமல் மாறுபவர்கள் தினமும் இரண்டு பயணத்துக்கான காசைக் கொடுக்கிறார்கள். அட்டையில் பணம் சீக்கிரம் தீர்ந்துபோவதற்குத் தூரத்தைவிட, அட்டையைக் கருவியில் தட்டும் விதமே பெரும்பாலும் காரணம்.

கணக்கைப் பாருங்கள். 2024 டிசம்பர் 28 அன்று வந்த பட்டியலில், அட்டையில் பயணம் செய்யும் பெரியவருக்கு 3.2 கிலோமீட்டர் வரை 1 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 19 காசு. 40.2 கிலோமீட்டரைத் தாண்டினால் 2 வெள்ளி 47 காசு. அதற்கு மேல் எவ்வளவு தூரம் போனாலும் அதுதான் உச்சம். இரண்டு குட்டிப் பயணங்கள் தனித்தனியாகப் பதிவானால் 2 வெள்ளி 38 காசு. அதாவது பக்கத்துப் பேட்டைக்கு இரண்டு துண்டாகப் போனவரும், தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே பயணமாகப் போனவரும் கிட்டத்தட்ட ஒரே காசு கொடுக்கிறார்கள். 2025 டிசம்பர் 27 முதல் பெரியவர் கட்டணம் ஒரு பயணத்துக்கு 9 முதல் 10 காசு கூடியிருக்கிறது. தொகை மாறினாலும் இந்தக் கணக்கு மாறவில்லை. பொதுப் போக்குவரத்து மன்றம் கட்டணத்தை ஆண்டுதோறும் பரிசீலிக்கிறது. அண்மையில் டிசம்பர் கடைசியில்தான் புதுக் கட்டணம் வருகிறது. ஆகவே ஜனவரியில் ஒருமுறை பட்டியலைப் பார்த்துக்கொள்வது நல்லது.

எது ஒரே பயணம்?

ஒரு வண்டியில் இறங்கித் தட்டியதிலிருந்து அடுத்ததில் ஏறித் தட்டுவதற்குள் 45 நிமிடம் தாண்டக் கூடாது. முதல் வண்டியில் ஏறியதிலிருந்து கடைசி வண்டியில் ஏறுவதற்குள் 2 மணி நேரம் தாண்டக் கூடாது. ஒரு பயணத்தில் 5 முறை வரை மாறலாம். இந்த மூன்றும் பலருக்குத் தெரியும். பலரும் தவறவிடுவது அடுத்த இரண்டைத்தான்.

முதலாவது, இறங்கிய அதே எண் பேருந்தில் மறுபடி ஏறினால் அது புதுப் பயணம். வழியில் இறங்கி ஐந்தே நிமிடத்தில் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, அடுத்து வரும் அதே எண் வண்டியில் ஏறினாலும் முதலிலிருந்து கட்டணம் எண்ணப்படும். அதே வழியில் போகும் வேறு எண் வண்டி இருந்தால் அதில் ஏறுங்கள், பயணம் தொடரும்.

இரண்டாவது, ஒரு எம்ஆர்டி நிலையத்தில் வெளியே வந்துவிட்டு அதே நிலையத்தில் திரும்ப உள்ளே போனால், தொடர்ச்சி அறுந்துவிடும். வேறு நிலையத்துக்குள் நுழைவதாக இருந்தால் 15 நிமிடம் அவகாசம் உண்டு. நியூட்டன், தெம்பனிஸ் போன்ற இடங்களில் ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குப் போக, அட்டையைத் தட்டித் திறக்கும் கதவைத் தாண்டி வெளியே வந்துதான் மாற வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் இந்த அவகாசம் அங்கேயும் உண்டு; தட்டி வெளியே வந்தால் காசு போய்விடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நடுவில் சாப்பிட உட்கார்ந்துவிட்டால் அந்த அவகாசம் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை மேற்குப் பகுதித் தொழிலாளர் தங்கும் விடுதியிலிருந்து தேக்கா (லிட்டில் இந்தியா) வருபவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். விடுதியிலிருந்து பேருந்தில் பூன் லே நிலையம் வந்து, அங்கிருந்து ரயில் ஏறி லிட்டில் இந்தியா வந்தால் எல்லாம் ஒரே பயணம். பூன் லேயில் இறங்கிக் கடைக்குள் போய் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு ரயில் ஏறினால், பேருந்து ஒரு பயணம், ரயில் இன்னொரு பயணம். கடை வேலையைத் தேக்காவிலோ, திரும்பி வந்து விடுதிக்குப் பக்கத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். பூன் லேயில்தான் வாங்க வேண்டுமென்றால் 45 நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள்.

உங்கள் கையில் இருப்பது எந்த அட்டை?

அட்டைகளின் பெயர்கள்தான் பெரிய குழப்பம். ஈஸி-லிங்க் 2002 ஏப்ரலில் வந்தது. அதன்பின் 2009-இல் நெட்ஸ் ஃபிளாஷ்பே. 2019 ஏப்ரலில் சிம்பிளிகோ என்ற பெயரில் வங்கி அட்டையையே தட்டிப் போகும் ஏற்பாடு வந்தது. பிறகு ஈஸி-லிங்க் அட்டையே சிம்பிளிகோ ஈஸி-லிங்க் என்றும் வந்தது. நெட்ஸ் தரப்பில் நெட்ஸ் பிரீபெய்ட் வந்தது. பெயர்கள் இத்தனை இருந்தாலும் முறை இரண்டுதான்.

பழைய ஈஸி-லிங்க், ஃபிளாஷ்பே இரண்டிலும் பணம் அட்டையின் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. தட்டும்போது கதவே அதிலிருந்து கழித்துவிடும். சிம்பிளிகோ முறையில் பணம் அட்டையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. தட்டும்போது அட்டை தன் எண்ணை மட்டும் சொல்கிறது. கட்டணத்தைப் பின்னால் இருக்கும் கணினி கழிக்கிறது.

எது என்று கண்டுபிடிக்க, பேருந்தில் இறங்கும்போது தட்டும் கருவியின் சின்னத் திரையைப் பாருங்கள். எவ்வளவு கழிந்தது, மீதி எவ்வளவு என்று எண் வந்தால் பழைய முறை. எண் எதுவும் வராமல் சிம்பிளிகோ என்று மட்டும் வந்தால் கணக்கு முறை. மீதியைப் பார்க்கக் கைப்பேசியில் சிம்பிளிகோ செயலியைத் திறக்க வேண்டும்.

அந்த எண் திரையில் வராததுதான் 2024-இல் பெரிய பிரச்சினையானது. பழைய முறைப் பெரியவர் அட்டைகள் ஜூன் 1 முதல் செல்லாது, எல்லாரும் சிம்பிளிகோவுக்கு மாறுங்கள் என்று ஜனவரி 9 அன்று நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. மக்கள் ஒப்பவில்லை. கழிந்த காசைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிப்பவருக்கு அது வசதியைவிடப் பெரிய விஷயம். ஜனவரி 22 அன்று அந்த முடிவு கைவிடப்பட்டது. பழைய முறையைத் தொடர்ந்து நடத்தக் கூடுதலாக 40 மில்லியன் வெள்ளி செலவாகும் என்றும், குறைந்தது 2030 வரை அது இருக்கும் என்றும் சொன்னார்கள். ஆகவே உங்கள் பழைய அட்டை இனிச் செல்லாது, இப்போதே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எது நல்லது என்றால், பயணக் கட்டணம் இரண்டிலும் ஒன்றுதான். தொலைந்துபோனால்தான் வித்தியாசம் தெரியும். பழைய அட்டை தொலைந்தால் உள்ளே இருந்த பணமும் போனது போனதுதான். சிம்பிளிகோ அட்டையைச் செயலியில் பதிந்து வைத்திருந்தால் உடனே முடக்கலாம். பணம் போடுவதும் கைப்பேசியிலிருந்தே முடியும். வேறொருவர் அட்டைக்கும் போடலாம். பழைய அட்டைக்கு நிலையத்து இயந்திரத்துக்குப் போக வேண்டும், அல்லது கைப்பேசியின் பின்பக்கம் அட்டையை வைத்துப் போட வேண்டும். ஒரே ஓர் எச்சரிக்கை: கார் நிறுத்துமிடத்துக்கும் சாலைக் கட்டணத்துக்கும் பயன்படுத்தும் ஈஸி-லிங்க் அட்டையைச் சிம்பிளிகோவாக மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் அந்த வேலைக்கு ஆகாது.

வாங்கும் விலை, வங்கி அட்டை

சிம்பிளிகோ ஈஸி-லிங்க் அட்டையின் விலை 10 வெள்ளி. அதில் 5 வெள்ளி அட்டைக்கான விலை, திரும்பக் கிடைக்காது. மீதி 5 வெள்ளிதான் பயணத்துக்கு. அட்டையில் அதிகபட்சம் 500 வெள்ளி வரை வைக்கலாம். ஆனால் பழைய முறை அட்டையில் அவ்வளவு பணத்தை விட்டுவைக்காதீர்கள்.

ஊரிலிருந்து அம்மா அப்பா பார்க்க வரும்போது இந்தக் கணக்கு தேவைப்படும். இந்திய வங்கியின் விசா, மாஸ்டர்கார்டு அட்டையைக் கதவில் தட்டியே போகலாம். ஆனால் வெளிநாட்டில் வாங்கிய அட்டைக்கு, பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 காசு நிர்வாகக் கட்டணம் உண்டு. 8 நாளுக்கு 4 வெள்ளி 80 காசு, 9 நாளுக்கு 5 வெள்ளி 40 காசு. 9 நாளோ அதற்கு மேலோ சுற்றப் போகிறார்கள் என்றால் 5 வெள்ளி கொடுத்து இங்கேயே அட்டை வாங்கிக் கொடுப்பது லாபம். ஊர் வங்கி எடுக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் சேர்த்தால் இன்னும் முன்னாலேயே லாபம். ஒருவருக்கு ஓர் அட்டை; ஒரே அட்டையை இருவருக்காகத் தட்ட முடியாது.

உள்ளூர் வங்கி அட்டைக்கு இந்த 60 காசு இல்லை. வங்கிக் கணக்கில் ஒவ்வொரு பயணமும் தனி வரியாக வராமல், சில பயணங்கள் சேர்ந்து ஒரே தொகையாக வரலாம். அதைப் பார்த்துப் பதறாமல் செயலியில் பயண வாரியாகச் சரிபாருங்கள்.

ரொக்கம் கொடுத்துப் பேருந்தில் ஏறுவது ஆக மோசமான வழி. கட்டணம் அதிகம், சில்லறை திரும்பத் தரமாட்டார்கள், வண்டி மாறினால் தொடர்ச்சியும் கிடையாது. ரயிலுக்கு ஒற்றைப் பயணச் சீட்டு 2022-இல் நிறுத்தப்பட்டுவிட்டது.

தட்டுவதில் வரும் தவறுகள்

ஏறும்போது கைப்பேசி, இறங்கும்போது பர்ஸில் இருக்கும் அதே வங்கி அட்டை: நிறையப் பேர் இங்கேதான் காசை இழக்கிறார்கள். வங்கிக்கு இரண்டும் ஒரே கணக்குதான். ஆனால் கைப்பேசிக்குள் போட்ட அட்டைக்குத் தனி எண் உண்டு, கைக்கடிகாரத்துக்கு இன்னொரு தனி எண். கதவுக்கு அவை மூன்று வெவ்வேறு ஆட்கள். ஏறிய பொருளாலேயே இறங்குங்கள்; வண்டி மாறும்போதும் அதையே தட்டுங்கள்.

பர்ஸோடு சேர்த்துத் தட்டுபவருக்கும் இதே கதிதான். உள்ளே ஈஸி-லிங்கும் வங்கி அட்டையும் சேர்ந்திருந்தால், ஏறும்போது ஒன்றும் இறங்கும்போது இன்னொன்றும் படலாம். பயண அட்டையை வெளியே எடுத்துத் தட்டுங்கள், அல்லது தனி உறையில் வையுங்கள்.

பேருந்தில் இறங்கும்போது தட்ட மறந்தால், அந்த வண்டியின் கடைசி நிறுத்தம் வரை போனதாகக் கட்டணம் எடுக்கப்படும். நீளமான தடமாக இருந்தால் ஒரு வெள்ளிக்கு மேல் வீணாகலாம். கூட்டத்தில் கதவோரம் தள்ளப்படும்போது இது எளிதில் நடக்கும். இறங்கும் முன் கருவியின் ஒலி கேட்டதா என்று கவனியுங்கள்.

விடியற்காலை வேலைக்குப் போகிறவர்கள் ஒரு சலுகையைத் தவறவிடக் கூடாது. வார நாளில், பொது விடுமுறை இல்லாத நாளில், காலை 7.45-க்கு முன் ரயில் நிலையக் கதவுக்குள் தட்டி நுழைந்தால் 50 காசு வரை குறையும். விண்ணப்பம் எதுவும் வேண்டாம், தானாகவே கழியும். நிலையத்து வாசலுக்கு எப்போது வந்தீர்கள் என்பது கணக்கில்லை, கதவில் தட்டிய நேரம்தான் கணக்கு. பேருந்தில் மட்டும் போகிறவர்களுக்கு இது இல்லை.

சலுகை அட்டைகளில், 60 வயதோ அதற்கு மேலோ ஆன குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மூத்தோர் கட்டணத்துக்கு உரியவர்கள், 7.2 கிலோமீட்டரைத் தாண்டினால் அதற்கு மேல் கட்டணம் ஏறாது. 0.9 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள குழந்தை, கட்டணம் செலுத்தும் பெரியவரோடு இலவசமாகப் போகலாம். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்குப் பெரியவர் கட்டணம்தான்.

கட்டணம் தவறாகக் கழிந்ததாகத் தெரிந்தால் சிம்பிளிகோ செயலியிலோ நிலையத்துப் பயணச்சீட்டு அலுவலகத்திலோ கேட்கலாம். பேருந்து எண், ஏறிய நிறுத்தம், இறங்கிய நிறுத்தம், நேரம், தட்டிய அட்டை ஆகிய ஐந்தையும் அன்றே குறித்து வைத்துக்கொண்டு கேளுங்கள். மாதக் கடைசியில் மொத்தமாகப் பார்த்தால், எந்த நிறுத்தத்தில் இறங்கினோம் என்பதே நினைவிருக்காது.