உயில் எழுத வந்தால் இரண்டு பேரும் எழுதுங்கள்

உயில் எழுத என்னிடம் வருகிற தம்பதிகளில் பெரும்பாலும் பேசுவது கணவர்தான். பத்திர நகல், வில்லங்கச் சான்றிதழ், பட்டா எல்லாம் இருக்கிற பையை மேசையில் வைப்பது அவர், எந்தப் பிள்ளைக்கு எது என்று சொல்வதும் அவர். அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, எப்போதாவது மருமகள் பெயரில் இன்ஷியல் தப்பாக இருந்தால் திருத்துவார். அவ்வளவுதான்.

அவர் உயிலின் வேலை முடிந்ததும் நான் அந்த அம்மா பக்கம் திரும்பி, "உங்க உயிலை எப்பம்மா எழுதலாம்?" என்று கேட்பேன். அநேகமாக ஒரே பதில்தான் வரும்: "எனக்கு என்ன மேடம் இருக்கு?"

சில மாதங்களுக்கு முன் ஒரு அம்மா இப்படித்தான் சொன்னார். சரி, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றேன். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். குடியிருக்கிற வீடு இரண்டு பேர் பெயரிலும் கூட்டாக, அதில் பாதி இவருடையது. கழுத்திலும் கையிலும் இருப்பது போக லாக்கரில் நகை. தபால் ஆபீஸில் டெபாசிட். அப்பா செட்டில்மெண்ட் பத்திரமாக எழுதிக் கொடுத்த ஒன்றரை கிரவுண்டு மனை. ஐந்தாவது விரலுக்கு வந்தபோது அவரே சிரித்துவிட்டார். கணவர்தான் ஆச்சரியமாகப் பார்த்தார், ஏனென்றால் அந்த மனையை அவர் தன் உயிலில் தன் சொத்தாகச் சேர்த்திருந்தார்! மனைவியின் சொத்தைக் கணவர் உயிலில் எழுத முடியாது. எழுதினாலும் செல்லாது.

பெண்கள் உயில் எழுதவேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்துக்கு ஒரு வரிசை, பெண்ணின் சொத்துக்கு வேறு வரிசை. ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு அவனைப் பெற்ற அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு, சம பங்கு. பெண் இறந்தால் 15ஆம் பிரிவின்படி முதலில் பிள்ளைகளும் கணவனும். அவர்கள் யாரும் இல்லையென்றால்? அவளைப் பெற்ற அம்மா அப்பாவுக்குப் போகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. கணவனின் வாரிசுகளுக்குப் போகும். அவர்களிலும் யாரும் இல்லையென்றால்தான் பெற்றவர்கள்.

2009இல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று உண்டு. கல்யாணமாகி மூன்றே மாதத்தில் கணவனை இழந்த பெண், புகுந்த வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர். பிறந்த வீட்டார் படிக்கவைத்தார்கள், வேலைக்குப் போனார், சம்பாதித்தார், உயில் எழுதாமல் இறந்துபோனார். அவர் சம்பாதித்த பணம் கணவன் வழி உறவினர்களுக்குத்தான் என்று தீர்ப்பானது. அனுதாபத்தை வைத்துச் சட்டத்துக்கு அர்த்தம் சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். இந்தத் தீர்ப்பை நான் எத்தனை முறை படித்தாலும் மனசு கேட்பதில்லை, ஏனென்றால் ஒரு வெள்ளைத் தாளும் இரண்டு சாட்சிகளும் இருந்திருந்தால் வழக்கே வந்திருக்காது.

பிறந்த வீட்டுச் சொத்து பிறந்த வீட்டுக்கே திரும்பும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது பாதிதான் சரி. அப்பா அம்மாவிடமிருந்து வாரிசுரிமையாக வந்த சொத்து, அந்தப் பெண்ணுக்குப் பிள்ளையோ பேரப்பிள்ளையோ இல்லாவிட்டால், அப்பாவின் வாரிசுகளுக்குப் போகும். ஆனால் நம் ஊரில் அப்பாக்கள் மகளுக்கு உயிரோடு இருக்கும்போதே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்கிறார்கள். அது வாரிசுரிமையாக வந்ததாகாது, அதனால் இந்த விதிவிலக்கு அதற்குப் பொருந்தாது, பொதுவான வரிசைப்படிதான் போகும்.

என்னிடம் வந்த ஒரு குடும்பத்தில் அத்தை பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளை இல்லை, கணவர் முன்பே இறந்துவிட்டார். கடைசிப் பத்து வருஷம் அவரைப் பார்த்துக்கொண்டது அண்ணன் மகள்தான், வங்கி டெபாசிட்டுக்கு நாமினியும் அவள்தான். "நாமினி போட்டாச்சே, அப்புறம் என்ன" என்று அத்தை சொல்லிக்கொண்டே இருந்தாராம், உயில் எழுதாமலே இறந்துபோனார். வங்கி பணத்தை நாமினியிடம் கொடுத்துவிடும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் வங்கிக் கணக்கின் நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே, சொந்தக்காரர் அல்ல. கணவரின் தம்பி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். சட்டப்படி அவர் கேட்டதில் தப்பில்லை. அந்தப் பெண்ணுக்கு அதை விளக்கிச் சொன்ன நாளை என்னால் மறக்க முடியாது.

நான் மேலே சொன்ன வரிசை இந்து, பௌத்த, சமண, சீக்கியப் பெண்களுக்கு. கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். முஸ்லிம்கள், அடக்கச் செலவும் கடனும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிசுகள் சம்மதமில்லாமல் உயில் எழுத முடியாது.

எழுதும் விதம் எளிதுதான். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத் தாள் போதும், தமிழிலேயே எழுதலாம். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்து, உங்கள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். சறுக்குவது பெரும்பாலும் இந்தச் சாட்சி விஷயத்தில்தான். நாளைக்கு யாராவது ஆட்சேபித்தால், சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்துக்கு வந்து "நான் பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும், பதிவு செய்த உயிலுக்கும் அப்படித்தான். அதனால் உங்கள் வயதுத் தோழியைவிட, உங்களைவிடப் பதினைந்து இருபது வயது இளையவரைச் சாட்சியாக வையுங்கள். முழு முகவரியை எழுதச் சொல்லுங்கள். உயிலின்படி சொத்து பெறப்போகிறவரைச் சாட்சியாகப் போடவே வேண்டாம், கிறிஸ்தவர் உயிலில் அந்தப் பங்கே செல்லாமல் போகும், மற்றவர்கள் உயிலிலும் வீண் சந்தேகம் வரும்.

பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் நான் செய்யச் சொல்வேன், தொலைந்துபோனால் நகல் கிடைக்குமே. பதிவு செய்தாலும் மனம் மாறினால் வேறு எழுதலாம், முறைப்படி எழுதிய கடைசி உயில்தான் செல்லும். "இதில் சொல்லாததும் இனி நான் வாங்கப்போவதும் இன்னாருக்கு" என்று ஒரு வரி சேர்க்க மறக்காதீர்கள். நகையை வெறுமனே "என் நகைகள்" என்று எழுதாதீர்கள், எந்த வளையல் யாருக்கு என்று எழுதுங்கள். அண்ணன் தம்பிகள் நிலத்தைச் சுமுகமாகப் பிரித்துக்கொண்டு, அம்மாவின் ஒரு சங்கிலிக்காகப் பேச்சை நிறுத்திய வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

விரல் விட்டு எண்ணிய அந்த அம்மா அடுத்த வாரம் தனியாக வந்தார். காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதிய பட்டியல் கையில் இருந்தது. மனை மகளுக்கு, வீட்டில் தன் பாதி கணவருக்கு. அதற்கெல்லாம் மேலே, முதல் வரியாக, தன் தங்கைக்கு இரண்டு வளையல் என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.