147573952589676412927-ஐ எப்படிப் பிரித்தார்கள்?

"கணினி இல்லாத காலத்தில் 20, 25 இலக்க எண்களுக்கெல்லாம் எப்படிக் காரணி கண்டுபிடித்தார்கள்? 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போனார்களா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அப்படிப் போனால் ஆயுள் போதாது.

தலைப்பில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்வோம். 67 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது அது. 1644இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இதைப் பகா எண் என்று எழுதிவைத்தார். 1876இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் அது தவறு என்று நிரூபித்தார், ஆனால் ஒரு காரணியைக்கூடக் காட்டவில்லை (அந்த மாயத்துக்குத் தனிக் கட்டுரை வேண்டும்). 1903இல் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் இரண்டு காரணிகளை முன்வைத்தார். வாயே திறக்காமல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார் என்று கதை சொல்வார்கள்.

சரி, கதை இருக்கட்டும். தேடலைச் சுருக்கும் வித்தையைச் சின்ன எண்ணில் பார்ப்போம். 11 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 2047. அது 23 × 89.

2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், 23ஆல் வகுத்த மீதியை மட்டும் எழுதுங்கள்: 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1. பதினோராவது இடத்தில் 1 வந்துவிட்டது. அப்புறம் மறுபடியும் 2, 4, 8... செக்குமாடு மாதிரி 11 அடிக்கு ஒரு சுற்று. எந்த ஒற்றைப்படைப் பகா எண்ணை எடுத்தாலும், அதைவிட ஒன்று குறைவான இடத்தில் கட்டாயம் 1 வரும் என்பது ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணிதரின் தேற்றம். 23க்கு 22ஆவது இடம். அதற்குள் 11 அடிச் சுற்று சரியாக இரண்டு முறை அடங்குகிறது.

இப்போது பெரிய எண்ணுக்கு வருவோம். அதை ஒரு பகா எண் மீதியின்றி வகுக்கிறது என்றால், 67ஆவது இடத்தில் மீதி 1 (67 இரண்டுகளின் பெருக்கல் அந்த எண்ணைவிட ஒன்று அதிகம்தானே). ஆகவே சுற்றின் நீளம் 67ஐ வகுக்க வேண்டும். 67 பகா எண். முதல் இடத்தில் மீதி 2 என்பதால் நீளம் 1 ஆக இருக்க வழியில்லை. எனவே 67தான். ஃபெர்மா சொன்ன இடத்துக்குள் இந்தச் சுற்று சரியாக அடங்க வேண்டும் என்பதால், அந்தக் காரணியில் ஒன்றைக் கழித்தால் 67ஆல் வகுபட வேண்டும். காரணி ஒற்றைப்படை என்பதால் ஒன்றைக் கழித்து வருவது 2ஆலும் வகுபடும், ஆக 134ஆல். ஏறக்குறைய 66 பகா எண்களில் ஒன்றுதான் இதில் தேறும். காரணியை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும் என்று இன்னொரு விதியும் உண்டு. அதில் பாதி கழிந்துவிடும். இதற்கு மேலும் கோல் மாடாய் உழைத்தார்.

இதே எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 109, பிறகு 10, கடைசியில் 1. எண் ஜோதிடக்காரர்கள் இதற்கும் பலன் வைத்திருப்பார்கள். அது 9ஆல் வகுத்தால் வரும் மீதி, அவ்வளவுதான். மீதிகளை வைத்து இவ்வளவு செய்யலாம் என்னும்போது, பெயர் மாற்றத்துக்கு அவற்றைச் செலவழிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கோல் கண்டவை 193707721, 761838257287. முதலாவதில் ஒன்றைக் கழித்து 134ஆல் வகுத்துப் பாருங்கள்: 1445580, மீதி இல்லை. இரண்டாவதில் 5685360129. அதிலும் மீதி இல்லை.