ஷெட்யூல் 80 போட்டால் குளிர் தாங்குமா?

"லைன் மைனஸ் நாப்பது போகும்னு சொன்னீங்கல்லா அண்ணாச்சி, அதான் ஷெட்யூல் எண்பதாவே போட்டுட்டோம்." தூத்துக்குடிப் பக்கம் ஒரு மீன் பதப்படுத்தும் யூனிட்டில், அமோனியா லைன் போட்ட கான்ட்ராக்டர் பெருமையாகச் சொன்னது இது. ஷெட்யூல் என்பது பைப் சுவரின் தடிமனைச் சொல்லும் எண்; 80 என்றால் நல்ல தடிமன். திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டானிலும் இதே பதில்தான். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

தடிமன் அழுத்தத்துக்குத்தான், குளிருக்கு அல்ல. குளிர்ந்த சாதா கார்பன் ஸ்டீல் வளைந்து கொடுக்காது. வெல்டு ஓரத்தில் நகக்கண் அளவு கீறல் இருந்தாலும் கண்ணாடி மாதிரி ஒரே ஓட்டமாக விரிந்துவிடும். உடைந்த முகம் மினுமினுவென்று பொடி பொடியாக இருக்கும். சுவர் கொஞ்சமும் மெலிந்திருக்காது. தடிமனான இரும்பில் கீறல் முனை இளகிக் கொடுக்க இடம் இன்னும் குறைவு. தொழிற்சாலைப் பைப்புகளுக்கான பி31.3 விதித்தொகுப்பிலேயே பாருங்கள்: சாதா கார்பன் ஸ்டீலான ஏ106 கிரேடு பி பைப்புக்கு, இம்பாக்ட் டெஸ்ட் (குளிரவைத்து அடித்து உடைத்துப் பார்க்கும் சோதனை) இல்லாமல், 12.7 மி.மீ. தடிமன் வரை மைனஸ் 29 டிகிரி. அதற்கு மேல் தடிமன் ஏற ஏற, அந்த மைனஸ் 29கூடக் கிடைக்காது. தடிமனாகப் போட்டு என்ன லாபம்?

தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட் பாஸாகிவிட்டதே என்பார்கள். நம்ம ஊர் வெயிலில், வெதுவெதுப்பான தண்ணீரில் செய்த டெஸ்ட் குளிரைப் பற்றி என்ன சொல்லும்?

அப்புறம் சீம்லெஸ் மோகம். தையல் இல்லாத ஏ106-ஐ விட, குளிருக்கென்றே வரும் ஏ333 கிரேடு 6, தையல் உள்ளதாக இருந்தாலும், இந்த வேலைக்கு மேல். மைனஸ் 45-இல் இம்பாக்ட் டெஸ்ட் செய்துதான் அது வருகிறது. முழு அளவு மாதிரிகளில் சராசரி 18 ஜூல் வேண்டும். மின்சாரத்தில் தையல் போட்ட இ.ஆர்.டபிள்யூ. பைப் என்றால் தடிமன் கணக்கில் தையலுக்கான 0.85 ஜாயின்ட் ஃபேக்டரை மறக்காதீர்கள். பெரிய சைஸுக்கு, தகட்டை வளைத்து வெல்டு செய்த ஏ671 பைப் வாங்கினால், தகட்டுக்கும் வெல்டுக்கும் இம்பாக்ட் டெஸ்ட் வேண்டும் என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். எழுதாததைக் கடைக்காரர் தரமாட்டார். மகேந்திரகிரி இஸ்ரோ மையத்தில் மைனஸ் 253 டிகிரி திரவ ஹைட்ரஜனையே ஓட்டுகிறார்களே என்று ஒருவர் மடக்கினார். அங்கே கார்பன் ஸ்டீலிலா ஓட்டுகிறார்கள்?

பைப் சரியாக இருந்தும் கெடுத்தவர்கள் உண்டு. ஃபிளாஞ்ச் ஏ350 எல்.எஃப்.2, ஃபிட்டிங் ஏ420 டபிள்யூ.பி.எல்.6 என்றிருக்க வேண்டும். 6013 வெல்டிங் ராடு இந்த லைன் பக்கமே வரக்கூடாது. 7018-1 கேளுங்கள், குளிரில் அடி தாங்கும் என்று காட்டும் அந்த "-1" முக்கியம். வெல்டிங் புரொசீஜரிலும் இம்பாக்ட் டெஸ்ட் ரிசல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். தயவுசெய்து பெயின்ட் அடிக்கும் முன், பைப்பில் உள்ள ஹீட் நம்பரை (எந்த உருக்கு வார்ப்பிலிருந்து வந்தது என்ற எண்) ஆலை தரும் மில் சர்டிஃபிகேட்டோடு ஒத்துப் பாருங்கள். அடித்த பிறகு என்னைக் கூப்பிட்டால், எல்லாப் பைப்பும் எனக்கும் ஒன்றுதான்.