சமாதானம் – சொல் விளக்கம்

நீலகிரியில் எங்கள் கூடலூர், பந்தலூர் பக்கம் அழும் குழந்தையைச் சமாதானப்படுத்துவோம், வேலித் தகராறில் ரெண்டு வீட்டாரும் சமாதானமாகப் போய்விட்டார்கள் என்போம், வேலைக்குத் தாமதமாக வந்தவன் சொல்லும் சாக்கும் சமாதானம்தான். வடமொழிச் சொல் இது, மூலப்பொருள் சேர்த்துவைத்தல். தமிழில் சண்டையில்லாத நிலைக்கு அமைதி, சண்டையை நிறுத்திவைப்பதற்குப் போர்நிறுத்தம், எழுதிக் கையெழுத்திடுவதற்கு உடன்படிக்கை என்று தனித்தனியாகவே இருக்கின்றன. உடன்படிக்கை 'உடன்படு' என்ற வினையிலிருந்து வந்தது, அதாவது இரு தரப்பும் மனசார ஒத்துக்கொள்ள வேண்டும்.

வரலாறு எழுதும்போது இந்த மூன்றையும் கலக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதல் உலகப்போரை முடித்த 1919 வெர்சாய் உடன்படிக்கை எல்லோருக்கும் தெரியும்: பேச்சுவார்த்தையில் ஜெர்மனியை உட்காரவைக்காமலே நிபந்தனைகளை எழுதி நீட்டினார்கள், அந்தக் கசப்பை ஹிட்லர் பயன்படுத்திக்கொண்டார்.

நம் மலைக்கு நெருக்கமானது 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. போரில் தோற்ற மைசூர் திப்பு சுல்தான் பாதி ராஜ்யத்தைக் கொடுத்தார், 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கட்ட ஒத்துக்கொண்டார், அது தீரும்வரை பிணையாக இரண்டு மகன்களைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிசிடம் அனுப்பினார், இரண்டு பேரும் சின்னப் பையன்கள். பெற்ற பிள்ளைகளைப் பிடித்துவைத்துக்கொண்டு வாங்கிய கையெழுத்தை எப்படி உடன்பாடு என்பது? ஏழே வருடத்தில் மறுபடி போர், 1799இல் திப்பு மாண்டார்.

அப்புறம் வயநாடு. 1792இல் திப்புவின் கையிலிருந்த மலபார், கம்பெனிக்குப் போனது, ஆனால் வயநாடும் அதில் சேர்த்தியா என்பதை உடன்படிக்கை தெளிவாகச் சொல்லவில்லை. கம்பெனி, திப்பு, வட மலபாரின் கோட்டயம் அரச குடும்பத்துப் பழசி ராஜா மூவரும் எனக்குத்தான் என்றார்கள். 1798இல் அது தனக்கு வரவில்லை என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது, திப்பு விழுந்ததும் தனதென்றது. அங்கேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குறிச்சியர், குறும்பர் என்ற பழங்குடிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் பழசியோடு சேர்ந்து வில்லெடுத்தார்கள், 1802இல் வயநாட்டின் பனமரம் ஊரிலிருந்த கம்பெனிப் படைமுகாமைத் தாக்கினார்கள், 1805 நவம்பரில் பழசி இறக்கும்வரை காட்டுக்குள் சண்டை நடந்தது. நம் கூடலூர் தாலுகா அந்த வயநாட்டின் தென்கிழக்குப் பகுதிதான், 1877இல்தான் மலபாரிலிருந்து பிரித்து நீலகிரியோடு சேர்த்தார்கள்.